பத்தாவது ஆளுக்காகக் காத்திருந்த வெள்ளிக்கிழமை

நவம்பர் மாதத்தின் கடைசி வியாழன், காலை எட்டுப் பத்து. ஹம்மர்பெஸ்ட்டிலிருந்து சின்ன விமானம் கிளம்பியபோது வெளியே இருட்டு. எங்கள் ஊரில் சூரியன் கடைசியாகத் தலைகாட்டி ஒரு கிழமை ஆகியிருந்தது. இனி ஜனவரி பிற்பகுதியில்தான் வரும். அதுவரை நடுப்பகலில் கடலுக்கு மேலே கொஞ்ச நேரம் ஒரு நீல வெளிச்சம் நிற்கும். அதைத்தான் நாங்கள் பகல் என்று சொல்லிக்கொள்கிறோம்.

ஒஸ்லோவுக்குத் தரைவழியாகப் போனால் ஏறக்குறைய இரண்டாயிரம் கிலோமீற்றர். துரொம்சோவில் விமானம் மாறவேண்டும். போகவர டிக்கெட் 3,460 குரோணர். இருபத்தாறு வருடமாக வடக்கில் இருக்கிறேன். முதலில் மீன் தொழிற்சாலை, பிறகு எரிவாயு ஆலையின் உணவுக்கூடத்தில் சமையல். வருடத்தில் இரண்டு தடவை ஒஸ்லோ போய்வருவேன். இந்தத் தடவை போனது மனைவியின் இரண்டாவது ஆண்டுத் திவசத்துக்காக. மகள் ஆரணி ஒஸ்லோவின் ஹொல்ம்லியாவில் அறை எடுத்துத் தங்கிப் படிக்கிறாள். ஞாயிறு காலை என்று ஐயருக்குச் சொல்லி, எல்லாவற்றையும் அவளே ஒழுங்கு செய்துவிட்டாள். அவளிடம் நேரில் சொல்லவேண்டிய ஒன்று என்னிடம் இருந்தது: எனக்கு இந்தத் திவசம் வேண்டாம்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். போன வருடம் பனிப்புயலில் விமானம் ஓடவில்லை. திவசத்தைக் கைத்தொலைபேசியில் செய்தோம். ஐயர் ஒஸ்லோவில், நான் ஹம்மர்பெஸ்ட்டில், என் குசினி மேசையில் சீனிப் போத்தலில் சாத்திவைத்த போன். அவர் சொன்னதைத் திருப்பிச் சொன்னேன். இடையில் எழுந்துபோய் அடுப்பில் கொதித்த பருப்பை இறக்கிவைத்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து மந்திரத்தைத் தொடர்ந்தேன். ஐயர் கவனிக்கவில்லை. நானும் அப்போது கவனிக்கவில்லை. பிறகு இரண்டு நாள் எனக்கு என்னைப் பார்க்கவே பிடிக்கவில்லை. நம்பிக்கை இருக்கிறதா என்றே தெரியாத ஒருவன் அவளுடைய பெயரில் நாடகம் போடுவதைவிடச் சும்மா இருப்பது நேர்மை என்று முடிவு செய்திருந்தேன்.

பகல் ஒரு மணிக்கு ஒஸ்லோ விமான நிலையம். நகரத்துக்குச் சாதாரண ரயில், இருபத்துமூன்று நிமிடம். யன்னலுக்கு வெளியே வயல்களின் மேல் மஞ்சள் வெயில் கிடந்தது. எதிரே இருந்த பெண் கண் கூசுகிறதென்று திரையை இழுக்கப்போனாள். நான் என்னையறியாமல் "வேண்டாம், விடுங்கள்" என்று சொல்லிவிட்டேன்.

"எங்கே இருந்து வருகிறீர்கள்?" என்றாள்.

"ஹம்மர்பெஸ்ட்."

அவள் சிரித்துக்கொண்டு திரையை விட்டுவிட்டாள்.

ஆரணியிடம் அன்று சொல்ல முடியவில்லை. அவள் எள்ளுப் பொட்டலத்தையும் தர்ப்பையையும் மேசையில் பரப்பிவைத்து, ஐயர் தந்த பட்டியலில் ஒவ்வொன்றாகச் சரி போட்டுக்கொண்டிருந்தாள். "அப்பா, வாழையிலை புருசெத்தில மாமா வீட்டில எடுக்கலாம், சனிக்கிழமை போவம்" என்றாள். ஓம் என்றேன்.

வெள்ளிக்கிழமை டானியலைப் பார்க்கப் போனேன். டானியல் யூதர். மின்பொறியியலாளர். எரிவாயு ஆலையில் அவன் நாலு வருடம் வேலை செய்தபோது பழக்கம். வந்த முதல் மாதம் அவன் உணவுக்கூடத்தில் ஆப்பிளும் அவித்த முட்டையும் தவிர வேறொன்றும் தொடவில்லை. பன்றியும் இறாலும் சமைத்த பாத்திரத்தில் சமைத்ததை அவன் உண்ணமாட்டான். வெள்ளிக்கிழமைகளில் நான் சைவம். எனக்கென்று மச்சம் படாத ஒரு சட்டியைத் தனியாக வைத்திருந்தேன். ஒருநாள் அவன் குசினிக்குள் தலையை நீட்டி, "அந்தச் சட்டியில் எனக்கும் பங்கு உண்டா?" என்று கேட்டான். ஒரேயொரு நிபந்தனை: அவர்களுடைய உணவு முறைப்படி அடுப்பை அவன்தான் மூட்டவேண்டும். அப்படி நாலு வருடம் வெள்ளிக்கிழமை பகல்களில் இரண்டுபேரும் பருப்பும் சோறும் சாப்பிட்டோம். நோர்வேஜிய மொழியில் எல்லோருக்கும் ஒரே "நீ"தான். ஆகவே எங்கள் பேச்சை நீ என்றே எழுதுகிறேன்.

அவன் வீடு பிஸ்லெட்டில். ஒஸ்லோ மத்திய ரயில் நிலையத்திலிருந்து டிராமில் பத்துப் பன்னிரண்டு நிமிடம். இறங்கும்போது பகல் இரண்டு மணி, குளிர் பூச்சியத்துக்குக் கீழே ஆறு பாகை, பனி பொழிந்துகொண்டிருந்தது. அவன் தெருவில் ஒரு வாசலின் முன் நடைபாதையில் உள்ளங்கை அளவில் நாலு பித்தளைக் கற்கள் பதித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், பிறந்த ஆண்டு, பிடித்துக்கொண்டு போன ஆண்டு 1942, கொல்லப்பட்ட இடம். ஒரு குடும்பம். கடைசிக் கல்லில் இருந்த பிள்ளைக்கு வயது ஆறு. யாரோ அந்த நாலு கற்களில் மட்டும் பனியைத் துடைத்துவிட்டுப் போயிருந்தார்கள். டானியலின் தகப்பனும் அப்போது சின்னப்பிள்ளை. அவருடைய குடும்பம் காட்டுவழியாகச் சுவீடனுக்கு நடந்து தப்பியது. நானும் பத்தொன்பது வயதில் யுத்தத்துக்குத் தப்பி இரவோடிரவாக வீட்டைவிட்டு நடந்தவன். இதைப்பற்றி நாங்கள் இரண்டுபேரும் ஒருநாளும் அதிகம் கதைத்ததில்லை.

டானியல் கால்கட்டோடு கதிரையில் இருந்தான். மூன்று கிழமைக்கு முன் ஐசில் வழுக்கி முறிந்தது. "சரியான நாளில் வந்தாய். இன்றைக்கு அப்பாவின் நாள்" என்றான்.

அவர்களுக்கும் ஆண்டு நினைவு உண்டு. அவர்களுடைய நாட்காட்டிப்படி அந்த நாள் பொழுதுபட்டதும் தொடங்கும். இறந்தவரின் பிள்ளை எழுந்து நின்று ஒரு வேண்டுதலைச் சொல்லவேண்டும். அதைத் தனியே சொல்ல முடியாது. யூத ஆண்கள் பத்துப்பேர் கூடவேண்டும். வழக்கமாகத் தொழுகைக்கூடத்துக்கு நடந்து போய்ச் சொல்லுவான். அவர்களுடைய ஓய்வுநாள் வெள்ளி சூரியன் மறையத் தொடங்கி சனி இரவு முடியும். அதற்குள் வண்டி ஏறுவதில்லை, மின்சாரப் பொத்தானைத் தொடுவதில்லை, போன் இல்லை. காலும் முறிந்து, நாளும் வெள்ளியாக வந்ததால், நண்பர்கள் அவன் வீட்டுக்கே நடந்து வந்து தொழுவதாக ஏற்பாடு.

இரண்டேமுக்காலுக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஒரு பல்வைத்தியர், ஒரு பள்ளிக்கூட வாத்தியார், அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு மாணவன், இன்னும் சிலர். மேலங்கிகளைக் கட்டிலில் குவித்தார்கள். மூன்று மணி கடந்ததும் டானியலின் மனைவி ரூத் இரண்டு மெழுகுவர்த்திகளை ஏற்றி, கைகளால் கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுத்தாள். அலமாரியில் தகப்பனுக்காக ஒரு கண்ணாடிக் குவளையில் வேறொரு சுடர். படம் இல்லை, பூ இல்லை. கடவுளுக்கும் அந்த வீட்டில் உருவம் கிடையாது. சின்ன வயதிலிருந்து பிள்ளையாரின் முகத்தைப் பார்த்து விளக்கேற்றிய எனக்கு, எந்தப் பக்கம் பார்த்துக் கும்பிடுவார்கள் என்பதே விளங்கவில்லை. ஒரே கடவுள், அவருக்கு ஒப்பாக ஒன்றுமில்லை. அதுதான் அவர்களின் அடிப்படை என்று டானியல் முன்பே சொல்லியிருக்கிறான்.

"ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்து எப்படி மனம் நிற்கும்?" என்று அப்போது கேட்டிருந்தேன்.

"நிற்காது. நிறுத்தவேண்டும். சில நாள் முடியும். சில நாள் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே தொழுவேன்" என்றான்.

மூன்றரைக்கு ஆட்களை எண்ணினார்கள். அவர்கள் மனிதரை ஒன்று இரண்டு என்று எண்ணுவதில்லையாம். பத்துச் சொற்கள் உள்ள ஒரு வசனத்தைச் சொல்லி, ஆளுக்கொரு சொல்லாகக் கொடுப்பார்கள். வாத்தியார் விரலை நீட்டிச் சொல்லிக்கொண்டு வந்தார். டானியலோடு ஒன்பது சொல் போனது. சுவரோரம் கடைசிக் கதிரையில் நான் இருந்தேன். அவருடைய விரல் எனக்கு முன்னால் வந்து நின்று, கீழே இறங்கியது. பத்தாவது சொல்லை அவர் சொல்லவில்லை. என்னைப் பார்த்து மன்னிப்புக் கேட்பதுபோல் தலையை அசைத்தார்.

வரவேண்டியவர் இசாக் என்ற எண்பத்தொரு வயதுக்காரர். இரண்டு கிலோமீற்றர் நடந்து வரவேண்டும். காத்திருந்தார்கள். யன்னலில் வெளிச்சம் போனது. மூன்று ஐம்பது. நாலு. பனிக்குப் பயந்து கிழவர் வீட்டிலேயே நின்றிருப்பார் என்றார் பல்வைத்தியர். ரூத் கைக்குட்டையை மடித்து விரித்தாள். சட்டைப்பைக்குள் என் போன் இருந்தது. எனக்குத் தடை ஒன்றுமில்லை. "நான் அழைத்துப் பார்க்கட்டுமா?" என்றேன்.

"அவர் எடுக்கமாட்டார்" என்றான் டானியல். "ஓய்வுநாளில் உன்னை அழைக்கச் சொல்லி நான் கேட்கவும் கூடாது."

எனக்கு அவன்மேல் பரிதாபமும் கொஞ்சம் எரிச்சலும் வந்தன. அவனுடைய காதருகே குனிந்து சொன்னேன்: "இது உன் வீடு. உன் அப்பா. அறையில் பத்து ஆண்கள் இருக்கிறோம். சொல்லிவிடு. யார் பார்க்கப்போகிறார்கள்?"

அவன் என்னைக் கோபிக்கவில்லை. "யாரும் பார்க்கவில்லை என்றால், சொல்லவேண்டிய தேவையே எனக்கு இல்லை, சிவா" என்றான். பிறகு, "பார்க்கிறாரா என்று எனக்கு எல்லா நாளும் நிச்சயமில்லை. ஆனால் நான் பார்ப்பேன்தானே. அப்பாவுக்குச் சொல்லாததைச் சொன்னேன் என்று நினைத்துக்கொண்டிருக்க என்னால் முடியாது" என்றான். அவனுடைய கண் கலங்கியிருந்தது.

குசினி மேசையும் சீனிப் போத்தலும் எனக்கு ஞாபகம் வந்தன. அந்த அறையில் இருக்க முடியவில்லை. காற்று வாங்கிவிட்டு வருகிறேன் என்று மேலங்கியைத் தேடி எடுத்துக்கொண்டு மூன்று மாடியும் படியால் இறங்கினேன்.

வாசற்கதவுக்குக் கண்ணாடி. அதற்கு அந்தப் பக்கம் ஒரு உருவம், தொப்பியிலும் தோளிலும் பனி ஏறிப்போய், அசையாமல் நின்றது. கதவை இழுத்துத் திறந்தேன்.

"இசாக்கா?"

"ஆமாம்."

"எவ்வளவு நேரமாக நிற்கிறீர்கள்?" நோர்வேஜிய மொழியில் நீ என்றுதான் கேட்டேன், தமிழில் எழுத எனக்குக் கை வரவில்லை.

"நிறைய நேரமாக. கதவுக்கு அட்டை வைத்துத் திறந்து வைப்பதாகச் சொன்னார்கள். யாரோ எடுத்துவிட்டார்கள்போல."

"மணி இருக்கிறதே!"

கிழவர் மணிப் பொத்தானைத் திரும்பிப் பார்த்தார். ஒளிரும் சின்ன வட்டம், அவர் தோளுக்கு ஒரு சாண் தள்ளி. "அது மின்சாரம்" என்றார். "கூப்பிட்டும் பார்த்தேன். இந்த நாட்டில் யன்னலுக்கு மூன்று கண்ணாடி."

"திரும்பிப் போயிருக்கலாமே."

"ஒன்பதுபேர் இருப்பார்கள் என்று தெரியுமே" என்றார் அவர்.

கையுறைக்குள்ளும் அவருடைய கை கட்டையாக இருந்தது. அவரைப் பிடித்துக்கொண்டு படி ஏறினேன். மாடிக்கு மாடி நின்று மூச்சு வாங்கினார். உள்ளே நுழைந்ததும் ரூத் "ஐயோ" என்பதுபோல் ஒரு சத்தம் போட்டுக் கம்பளியோடு ஓடிவந்தாள். வாத்தியார் மறுபடி எண்ணினார். பத்தாவது சொல் கிழவருக்குப் போனது.

தொழுகை அரை மணித்தியாலம் போனது. முடிவில் டானியல் ஊன்றுகோல்களில் எழுந்தான். வேண்டுதல் அரமேய மொழியில். அதில் சாவைப்பற்றி ஒரு சொல்லும் இல்லை, இறந்தவர் பெயரும் இல்லை. கடவுளின் பெயர் பெரிதாகட்டும் என்பதுதான் முழுவதும் என்று ரூத் மெல்லச் சொன்னாள். நடுவில் ஓரிடத்தில் அவன் குரல் அடைத்து நின்றுபோனது. அவன் நின்ற அந்த இடத்தில் ஒன்பதுபேரும் சேர்ந்து உரத்து ஆமென் சொன்னார்கள். அதைப் பிடித்துக்கொண்டு அவன் மிச்சத்தைச் சொல்லி முடித்தான்.

சுவரோரம் நின்ற எனக்குப் பொறாமையாக இருந்தது. அவளுக்காக நான் உடைந்துபோகும் இடத்தில் என்னைத் தாங்கிப்பிடிக்க ஒரு குரல் வேண்டும் என்று அன்றைக்குத்தான் ஆசைப்பட்டேன். இரண்டு வருடம் நான் உடையவேயில்லை.

சாப்பாட்டில் பின்னிச் சுட்ட பாண், உப்பு, கோழிச் சூப். கிழவர் இரண்டாவது கிண்ணம் முடித்துவிட்டு என்னைக் கேட்டார்: "கீழே போகச் சொல்லி உன்னை யாராவது கேட்டார்களா?"

"இல்லை."

"நல்லது" என்று சொல்லிவிட்டுப் பாணைக் கிள்ளினார்.

ஆறு மணிக்கு விடைபெற்றேன். டானியல் கதவுவரை நொண்டி வந்தான். "ஞாயிறு உன்னுடையது, இல்லையா?" என்றான். ஓம் என்று தமிழில் சொல்லிவிட்டேன். அவனுக்கு அது விளங்கியது; நாலு வருடம் கேட்ட சொல்.

சனிக்கிழமை நிலத்தடி ரயிலில் புருசெத். பழைய அடுக்குமாடிகள், ஒவ்வொரு கட்டடத்திலும் இரண்டு மூன்று தமிழ்க் குடும்பம். மைத்துனர் வீட்டில் வாழையிலை எடுத்துக்கொண்டு திரும்பும்போது ஆரணி கேட்டாள்: "அப்பா, உங்களுக்கு விருப்பமில்லைப்போல கிடக்கு. சொல்லுங்கோ. ஐயருக்கு வேண்டாமெண்டு அறிவிக்கிறன்."

"போன வருசம் நான் செய்தது சரியில்லை, பிள்ளை. நடுவில எழும்பிப்போய் பருப்பு இறக்கினனான்."

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "கண்டனான்" என்றாள். "நானும் ஸ்கிரீனிலதானே இருந்தன்."

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மடியிலிருந்த வாழையிலைக் கட்டை நேராக்கினேன். "இந்த முறை செய்யிறன். நம்பிறனோ இல்லையோ, ஒழுங்காச் செய்யிறன்."

ஞாயிறு காலை ஒன்பதரைக்கு ஐயர் வந்தார். நாற்பது வயது இருக்கும். கிழமை நாட்களில் பாலர் பாடசாலையில் வேலை, ஞாயிறுகளில் இது. பன்னிரண்டு மணிக்கு அவருக்கு வேறொரு வீடு. கற்பூரப் புகைக்கு எச்சரிக்கைமணி அடிக்கும் என்று ஆரணி யன்னல்களைத் திறந்துவிட்டாள். குளிரில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். அவர் வழக்கமான வேகத்தில் தொடங்கினார்.

"ஐயா, ஆறுதலாச் சொல்லுங்கோ" என்றேன். "என்ன சொல்லுறன் எண்டு எனக்கு விளங்கவேணும்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். கோபிக்கப்போகிறார் என்று நினைத்தேன். "ஒருத்தரும் கேக்கிறேல்லை, அண்ணை" என்று சொல்லி, கைத்தொலைபேசியை எடுத்து பன்னிரண்டு மணி வீட்டுக்காரருக்குப் பிந்தி வருவதாகச் செய்தி அனுப்பினார். பிறகு ஒவ்வொரு வரியாகச் சொல்லி, தமிழில் கருத்தும் சொன்னார். எள்ளும் தண்ணீரும் கையால் இறங்கும்போது, இது அவவின் தாகத்துக்கு என்றார்.

"இப்ப அவவின்ரை பேரைச் சொல்லுங்கோ."

வாய் திறக்கவில்லை. இருபத்தைந்து வருடம் நான் அவளை இஞ்சேரும் என்று கூப்பிட்டவன். அவள் என்னை இஞ்சேருங்கோ. பெயர் சொல்லும் தேவை எங்களுக்கு வந்ததில்லை. ஆஸ்பத்திரிப் படிவங்களில் எழுதிக்கொடுத்தேன். போன வருடம் ஐயரே தாளைப் பார்த்துச் சொல்லிவிட்டார், நான் தலையாட்டினேன். வாயால் ஒருநாளும் சொன்னதில்லை.

ஐயர் அவசரப்படுத்தவில்லை.

"புவனேஸ்வரி" என்றேன்.

குரல் இடையில் போய்விட்டது. பக்கத்தில் ஆரணி என்னைப் பார்த்தாள். அவள் பிறந்து இருபத்துநாலு வருடத்தில் முதல் தடவையாக அப்பாவின் வாயில் அம்மாவின் பெயரைக் கேட்கிறாள். "இன்னும் இரண்டு தரம், அண்ணை" என்றார் ஐயர். என்னால் முடியவில்லை. ஆரணி என் கைக்குக் கீழே தன் கையைக் கொடுத்து, "புவனேஸ்வரி" என்றாள். பிறகு இரண்டுபேரும் சேர்ந்து மூன்றாவது தரம் சொன்னோம். தண்ணீர் இரண்டு கையாலும் இறங்கியது.

விமான நிலைய ரயிலுக்காகப் பின்னேரம் மூன்று மணிக்கு ஒஸ்லோ மத்திய நிலையம். வெயில் அணைந்துகொண்டிருந்தது, நான் போகும் ஊரில் அதுவும் இல்லை. இந்தமுறை ஒஸ்லோவிலிருந்து திரும்ப மனமில்லாமல் இருந்தது. அங்கே நான் மட்டும் இருக்கும் வீட்டில் அவளுடைய பெயரைச் சொன்னால் கேட்க ஆள் இல்லை.

மேடையில் ஆரணி கேட்டாள்: "அப்பா, இப்ப நம்பிறீங்களோ?"

"தெரியாது, பிள்ளை." ரயில் வரும் சத்தம் கேட்டது. "எனக்கு அவவைத் தேடுது. அது மட்டும் பொய்யில்லை."

அவள் தண்டவாளத்தைப் பார்த்தாள். "எனக்கும் தேடுது" என்றாள். இரண்டு வருடத்தில் அவள் அதைச் சொன்னதும் முதல் தடவை.

கதவு திறந்ததும் என் பெட்டியை ஏற்றிவிட்டு அவளும் ஏறினாள். "வழியில இருக்கிற லில்லெஸ்த்ரோம் மட்டும் வாறன், அப்பா. அங்கை இறங்கித் திரும்பிவிடுறன்" என்றாள். பக்கத்து இருக்கையில் இருந்தாள். சுரங்கத்துக்குள் ரயில் போனபோது, அம்மா எப்படி என்னைக் கல்யாணம் முடித்தா என்று கேட்டாள். நான் சொல்லத் தொடங்கினேன். லில்லெஸ்த்ரோம் வந்தது. கதவு திறந்தது, ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள், கதவு மூடியது. ஆரணி எழும்பவில்லை. "பிறகு?" என்றாள்.